நிரல் களஞ்சியத்தின் சாவி

நிரல் எழுதும் எடிட்டர் மேசைமேல் இருக்கும் கணினியில் இருக்கிறது. எழுதிய நிரலைப் பாதுகாக்கும் களஞ்சியம் கிட்ஹப் போன்ற ஒரு நிறுவனத்தின் சர்வரில் இருக்கிறது. தொடக்கத்தில் இந்த இரண்டுக்கும் இடையே தூரமே இல்லை. 1972-இல் பெல் ஆய்வகத்தில் மார்க் ராச்கைண்ட் உருவாக்கிய எஸ்சிசிஎஸ், ஒவ்வொரு திருத்தத்தையும் செய்தவர் யார், எப்போது, ஏன் என்ற குறிப்புடன் சேர்த்துவைத்தது. பத்தாண்டு கழித்து பர்டியூ பல்கலைக்கழகத்தில் வால்டர் டிக்கி எழுதிய ஆர்சிஎஸ் அதே வேலையை இன்னும் வேகமாகச் செய்தது. இரண்டிலும் கோப்பும் அதன் பழைய பதிப்புகளும் ஒரே கணினியில் இருந்தன. ஒருவர் திருத்துவதற்காகக் கோப்பை எடுத்தால் அது பூட்டப்படும். அவர் திருப்பிக் கொடுக்கும்வரை மற்றவர்கள் படிக்கலாம், கைவைக்க முடியாது. யார் எதைத் தொடலாம் என்பதைப் பெரும்பாலும் இயங்குதளத்தின் கோப்பு உரிமைகளே பார்த்துக்கொண்டன.

இந்தப் பூட்டு ஆம்ஸ்டர்டாமில் தளர்ந்தது. அங்கே விரியே பல்கலைக்கழக விரிவுரையாளர் டிக் க்ரூனும் அவருடைய இரு மாணவர்களும் சேர்ந்து ஒரு கம்பைலர் எழுதிக்கொண்டிருந்தார்கள். மூவருடைய நேரமும் ஒத்துவரவில்லை. ஒருவருக்காக இன்னொருவர் காத்திருக்காமல் ஆளுக்கொரு நகலில் திருத்திவிட்டுப் பிறகு இணைத்துக்கொள்ள க்ரூன் சில ஷெல் ஸ்கிரிப்டுகளை எழுதி, 1986-இல் பொதுவில் வெளியிட்டார். அதுதான் சிவிஎஸ். 1989-இல் பிரையன் பெர்லினர் அதை சி மொழியில் திருத்தி எழுதினார். பின்னாளில் இணையம் வழியாகவே தொலைவிலுள்ள களஞ்சியத்தை அணுகும் வசதியும் அதில் வந்தது. சாவியின் கதை தொடங்குவது அங்கேதான். சிவிஎஸ்ஸின் பிசர்வர் முறை, பயனரின் கடவுச்சொல்லை அவருடைய ஹோம் ஃபோல்டரில் ஒரு சிறு கோப்பில் எழுதிவைத்தது. எழுத்துகள் மாற்றிப் போடப்பட்டிருக்குமே தவிர, அது மறையாக்கம் அல்ல. விவரம் தெரிந்த எவரும் நொடியில் பிரித்துவிடலாம்.

அந்தக் காலத்தின் வலையமைப்புகளில் கடவுச்சொற்கள் பெரும்பாலும் அப்படியே வெட்டவெளியில்தான் பயணம் செய்தன. 1995-இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில் யாரோ கடவுச்சொற்களை ஒட்டுக்கேட்டதை அடுத்து, அங்கிருந்த டாட்டு யுலோனன் எஸ்எஸ்ஹெச் என்ற நெறிமுறையை எழுதினார். இதில் சாவிகள் இரண்டு. பொதுச் சாவியை சர்வரிடம் கொடுத்துவிடலாம். தனிச் சாவி பயனரின் கணினியை விட்டு வெளியே போகாது. 1999-இல் தொடங்கிய சோர்ஸ்ஃபோர்ஜ் போன்ற தளங்கள், நிரலாளர்கள் சிவிஎஸ்ஸை இதன் வழியாகவே அணுக வைத்தன.

2005 ஏப்ரலில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், கிட் என்ற பதிப்பு மேலாண்மைக் கருவியை எழுதத் தொடங்கினார். லினக்ஸ் குழு இலவசமாகப் பயன்படுத்திவந்த பிட்கீப்பர் என்ற அதே வகைக் கருவியின் நிறுவனம் அந்தச் சலுகையை விலக்கிக்கொண்டதே காரணம். கிட்டில் ஒவ்வொருவர் கணினியிலும் முழு வரலாறும் இருக்கும். கோட்பாட்டின்படி மையக் களஞ்சியமே தேவையில்லை. நடந்ததோ நேர்மாறு: 2008-இல் வந்த கிட்ஹப் உலகின் மிகப் பெரிய மையக் களஞ்சியமாகிவிட்டது. சேமிப்பிடம் மட்டும் இதற்குக் காரணமல்ல; புல் ரெக்வெஸ்ட் தான் முக்கியக் காரணம். ஒருவர் செய்த திருத்தத்தை மற்றவர் வரிவரியாகப் பார்த்து, கேள்வி கேட்டு, ஏற்கவோ மறுக்கவோ முடிந்தது.

ஒரே இடத்தில் இத்தனை நிரல் குவிந்தபின் சாவியில் ஏற்படும் சிறு ஓட்டையும் பெரிதானது. 2012 மார்ச்சில் ஒரு ரஷ்ய நிரலாளர், கிட்ஹப்பின் பொதுச் சாவி பதியும் படிவத்தில் இருந்த குறையைப் பயன்படுத்தி, தன் சாவியை ரூபி ஆன் ரெயில்ஸ் திட்டத்தின் கணக்கில் சேர்த்துவிட்டார். தனக்கு எந்த உரிமையும் இல்லாத அந்தக் களஞ்சியத்தில் ஒரு கோப்பையும் சேர்த்துக் காட்டினார். எஸ்எஸ்ஹெச் கணிதத்தில் குறை இல்லை. யாருடைய சாவி யாருடைய பெயரில் பதிவாகிறது என்ற கணக்கேட்டில்தான் குறை.

அதே ஆண்டு அக்டோபரில் ஓஆத் 2.0 ஒரு தரநிலையாக வெளியானது. பயனர் தன் கடவுச்சொல்லை இன்னொரு செயலியிடம் கொடுக்காமல், தன் சார்பில் சில வேலைகளைச் செய்ய மட்டும் ஒரு டோக்கன் வழங்க இது வகைசெய்தது. எடிட்டரைக் களஞ்சியத்தோடு இணைக்கும் இன்றைய முறை இதிலிருந்து வந்ததே. எடிட்டரில் சைன் இன் பொத்தானை அழுத்தினால் பிரவுசர் திறக்கும். சில சமயம் நடுவில் ஒரு கோடு போட்ட எட்டு எழுத்துக் குறியீட்டை எடிட்டர் காட்டி, அதை அந்தப் பிரவுசர் பக்கத்தில் தட்டச் சொல்லும். பயனர் அனுமதித்ததும் டோக்கன் எடிட்டருக்குப் போய்ச் சேரும். 2021 ஆகஸ்ட் 13 முதல் கிட் வேலைகளுக்குக் கடவுச்சொல்லை ஏற்பதையே கிட்ஹப் நிறுத்திவிட்டது.

டோக்கனிலும் ஒரு சிக்கல் உண்டு. பழைய வகையில் 'ரெப்போ' என்ற ஒரே அனுமதி, பயனர் தொடக்கூடிய எல்லாக் களஞ்சியங்களையும் படிக்கவும் எழுதவும் திறந்துவிடும். 2022 ஏப்ரலில், ஹெரோக்கு, டிராவிஸ் சிஐ ஆகிய சேவைகளுக்கு வழங்கப்பட்ட டோக்கன்கள் திருடப்பட்டு, பல நிறுவனங்களின் தனிக் களஞ்சியங்கள் பதிவிறக்கப்பட்டன. களஞ்சியம் களஞ்சியமாக, செயல் செயலாக அனுமதி வரையறுக்கும் புதுவகை டோக்கனை அவ்வாண்டு அக்டோபரில் கிட்ஹப் சோதனை முறையில் தந்தது. வெகு முன்பே செய்திருக்க வேண்டிய வேலை.

இதற்கிடையே எடிட்டரின் இயல்பே மாறிவிட்டது. கிட்ஹப்பும் ஓப்பன்ஏஐயும் சேர்ந்து உருவாக்கிய கோபைலட் 2021 ஜூனில் முன்னோட்டமாக வந்தபோது, அது அடுத்த வரியை ஊகித்துச் சொல்லும் உதவியாளர் மட்டுமே. விஎஸ் கோடு எடிட்டரின் மூலநிரலைக் கிளையெடுத்து அனிஸ்ஃபியர் நிறுவனம் உருவாக்கிய கர்சர் என்ற எடிட்டர் முழுக் கோப்புகளையும் திருத்தத் தொடங்கியது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட எம்சிபி நெறிமுறை, மொழி மாதிரிகள் வெளிச் சேவைகளைக் கையாள ஒரு பொது வழியை அமைத்தது. உடன் வந்த மாதிரி சர்வர்களில் கிட்ஹப்புக்கானதும் இருந்தது. 2025 ஏப்ரலில் கிட்ஹப் தன் சொந்த எம்சிபி சர்வரையும் வெளியிட்டது. அதைத் தம் கணினியில் நிறுவியவர்கள் பலர் டோக்கனை ஓர் அமைப்புக் கோப்பில் வெறும் எழுத்தாக ஒட்டிவைத்தார்கள். சிவிஎஸ் கால வழக்கம் முப்பதாண்டு கழித்துத் திரும்பிவந்தது என்றே சொல்லலாம்.

புதிய ஆபத்து வேறு திசையிலிருந்து வந்தது. 2025 மே மாதம் இன்வேரியன்ட் லேப்ஸ் ஆய்வாளர்கள் ஒன்றைச் செய்துகாட்டினார்கள். ஒரு பொதுக் களஞ்சியத்தில் யாரோ ஒருவர் புகார் எழுதுவதுபோல் ஒரு கட்டளையை எழுதிவைக்கிறார். களஞ்சியத்தின் உரிமையாளர் தன் ஏஐ உதவியாளரிடம், வந்த புகார்களைப் பார்க்கச் சொல்கிறார். உதவியாளர் அந்தக் கட்டளையையும் படித்து, உரிமையாளரின் தனிக் களஞ்சியத்துக்குள் போய், அங்கிருந்த விவரங்களைப் பொதுவில் ஒரு புல் ரெக்வெஸ்ட்டாகப் போட்டுவிடுகிறது. இங்கே டோக்கன் திருடப்படவில்லை, எதுவும் உடைக்கப்படவும் இல்லை. டோக்கனுக்கு இரண்டு களஞ்சியங்களிலும் அனுமதி இருந்தது, அவ்வளவே. எடிட்டரை நம்பிச் சாவியைக் கொடுத்தவர், அது படிக்கும் ஒவ்வொரு வரியையும் எழுதிய அந்நியரையும் சேர்த்தே நம்ப வேண்டியதாயிற்று.

அதே மாதம் கிட்ஹப் அறிமுகப்படுத்திய கோபைலட் ஏஜென்ட் இத்தகைய ஆபத்தைக் குறைக்கும் சில வரம்புகளோடு வந்தது. அது தானே உருவாக்கிய கிளைகளில் மட்டுமே நிரலைப் போட முடிந்தது. முதன்மைக் கிளையைத் தொட முடியவில்லை. அது அனுப்பும் புல் ரெக்வெஸ்ட்டை, வேலையைக் கொடுத்தவரே ஒப்புக்கொள்ளவும் முடியவில்லை. இன்னொருவர் பார்த்தாக வேண்டியிருந்தது.