மன்னார்ச் சலாபம்: கூடிக் கலைந்த ஒரு நகரின் வரலாறு

விளைவு எப்பொழுது கிடைக்கும், எவ்வளவு கிடைக்கும் என்பதை முன்னரே அறிய இயலாத ஒரு தொழிலை மனிதர் எங்ஙனம் நடத்தினர்? இவ்வினாவிற்கு விடை காண விழைவோர், மன்னார்த் தீவிற்குத் தெற்கே சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி ஆகிய ஊர்களை அடுத்த கடற்கரையை நோக்குதல் தகும். ஆங்கு பன்னூற்றாண்டுகளாக நிகழ்ந்த முத்துக்குளிப்பே சலாபம் எனப்பட்டது.

முத்துச்சிப்பிகள் வாழும் கடலடித் திட்டுக்களைப் ‘பார்’ என்பர். பாரிலே படிந்த சிப்பி முதிர்வதற்குச் சில ஆண்டுகள் வேண்டும். அதற்கிடையில் தென்மேல் பருவக்காற்றின் கொந்தளிப்பினாலும், சிப்பியைத் தின்னும் மீன்களாலும் பார் முழுவதும் வெறுமையாதல் உண்டு. 1838 முதல் 1854 வரையும், 1892 முதல் 1902 வரையும் சலாபமே கூடவில்லை.

இத்தகைய நிலையின்மைக்கு ஏற்பவே தொழிலும் அமைந்திருந்தது. முதலில் அரசாங்கத்தார் பார்களைச் சோதித்துச் சில ஆயிரம் சிப்பிகளை எடுத்து, அவற்றின் முத்துக்களை மதிப்பிடுவர். பயன் உண்டெனத் தெரிந்த பின்னரே அறிவித்தல் வெளிவரும். கடல் அமைதியுறும் பங்குனி, சித்திரை மாதங்களை ஒட்டி, வெறும் மணற்கரையிலே கிடுகினால் ஒரு நகர் எழும். நீதிமன்றம், மருத்துவசாலை, கடைவீதி யாவும் அங்கு அமையும். கீழக்கரை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம், பாரசீக வளைகுடா முதலிய இடங்களிலிருந்து குளிப்போரும் வணிகரும் திரள்வர். சில வாரங்களில் நகர் கலைந்துவிடும்.

குளிப்போர்க்குக் கூலியில்லை, எடுத்த சிப்பியில் மூன்றிலொரு பங்கே அவர்தம் ஊதியம். அரசாங்கத்தின் பங்கு ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு என அன்று மாலையே ஏலத்தில் விற்கப்பட்டது. சிப்பியுள் முத்து உண்டோ இல்லையோ என்னும் ஐயம் இவ்வாறு வாங்குவோரைச் சேர்ந்தது. 1905 ஆம் ஆண்டில் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டு, ஏறக்குறைய 25 இலட்சம் ரூபா வருவாயும் கிடைத்தது.

இப்பெருவிளைவு மயக்கத்தையும் தந்தது. 1906 இல், ஆண்டிற்கு 3,10,000 ரூபா என 20 ஆண்டுகளுக்குப் பார்கள் ஓர் ஆங்கிலக் கம்பெனிக்குக் குத்தகையாக விடப்பட்டன. 1902 இல் ஈழத்திற்கு வந்து பார்களை ஆராய்ந்த பேராசிரியர் ஹெர்ட்மன் முதலியோரின் விஞ்ஞான முறைகளால் விளைவை நிலைப்படுத்தலாம் என்று நம்பினர். ஆயின் 1907 இன் பின் பார்கள் பொய்த்தன. குத்தகைப் பணமோ ஆண்டுதோறும் மாறாது நின்றது. 1912 இல் கம்பெனி கலைக்கப்பட்டது. மாறும் கடலுக்கு மாறாத செலவைக் கட்டியதே அதன் வீழ்ச்சிக்குக் காரணமாயிற்று. மீண்டும் சலாபம் கூடியது 1925 இலேதான்.

எனினும் பழைய முறையைக் குறைவற்றதெனப் புகழ்தல் பொருந்தாது. சலாபமில்லாத ஆண்டில் அரசாங்கத்திற்குப் பெருஞ்செலவில்லை. வணிகன் வேறு சரக்கை நாடுவான். மூச்சடக்கி ஆழ்கடலில் இறங்கியவனோ சங்கு குளித்தும் மீன் பிடித்தும் காலங்கழிக்க வேண்டியவனானான். ஒரு தொழில் வளைந்து கொடுக்கின்றது என்று கூறும்பொழுது, அதன்கண் வளைகின்ற முதுகு யாருடையது என வினவுதலும் வரலாறு கற்போர் கடனாகும்.