வாடகை நூலகமும் மங்காவின் வகைகளும்: கிதாரோ என்னும் சான்று

திகில், விளையாட்டு, காதல், வரலாறு என்று கதைப்பொருளை வைத்துப் படக்கதைகளைப் பிரிப்பது நமக்குப் பழக்கம். ஜப்பானியப் படக்கதையான மங்காவில் வழங்கும் முதன்மைப் பகுப்பு வேறு. ஷோனென் சிறுவருக்கு, ஷோஜோ சிறுமியருக்கு, செய்னென் வளர்ந்த ஆண்களுக்கு, ஜோசெய் பெண்களுக்கு. யார், எங்கே, எந்த இதழில் படிக்கிறார் என்பதே இங்கு அளவுகோல். இது உருவான விதத்தை மிசுகி ஷிகேருவின் கிதாரோ என்ற ஒரே பாத்திரத்தைக் கொண்டு காட்டலாம்.

மிசுகி இரண்டாம் உலகப் போரில் நியூ பிரிட்டன் தீவில் இடக்கையை இழந்தவர். போருக்குப் பின் வயிற்றுப்பாட்டுக்காகக் கமிஷிபாய் என்னும் தெருப் படக்கதைக்கு ஓவியம் வரைந்தார். மிதிவண்டியில் வரும் கதைசொல்லி மரச்சட்டத்திலிருந்து அட்டைகளை ஒவ்வொன்றாக உருவியபடி கதை சொல்வார்; மிட்டாய் விற்ற காசே அவருக்கு வருமானம். 1930களிலேயே தெருக்களில் சொல்லப்பட்ட ஒரு கதையைத் தழுவி, 1954இல் மிசுகி கிதாரோவை வரைந்தார். 1953இல் தொடங்கிய தொலைக்காட்சி பரவப் பரவக் கமிஷிபாய் நலிந்தது. மிசுகியும், அவரைப் போலவே கமிஷிபாய் ஓவியராக இருந்த ஷிராதோ சன்பெய்யும் வாடகை நூலகங்களுக்கான புத்தகங்களுக்கு மாறினார்கள்.

கஷிஹோன் எனப்பட்ட அந்நூலகங்களில் சில யென் கொடுத்துப் புத்தகத்தை இரவல் பெறலாம். பள்ளிப் படிப்பை முடித்ததும் ஆலை வேலைக்கு வந்த இளைஞர்கள் அங்கே முக்கிய வாசகர்கள். அவர்களுக்காகவே ஒசாகாவில் தத்சுமி யோஷிஹிரோ போன்றோர் இருண்ட குற்றக் கதைகளை வரைந்தனர். சிறுவர் மங்காவிலிருந்து பிரித்துக்காட்ட, 1957இல் தம் படைப்புக்கு ‘கெகிகா’ என்று தத்சுமி பெயரிட்டார். 1960இல் வந்த மிசுகியின் வாடகை நூல் கிதாரோவும் இச்சூழலின் பிள்ளைதான். பேயின் இரத்தம் கலந்த இரத்த வங்கியில் கதை தொடங்குகிறது. புதைந்த தாயிடமிருந்து குழந்தை மண்ணைப் பிளந்து வெளிவருகிறது. அழுகிய தந்தையின் உடலில் ஒரு கண் மட்டும் உயிரோடு மிஞ்சி மகனைக் காக்கிறது. இந்தக் கிதாரோ சிகரெட் பிடிப்பான்; மனிதர்மேல் அவனுக்குப் பரிவு குறைவு. மிசுகியின் மிகச் சிறந்த கிதாரோ இவனே என்பது என் துணிபு.

1959 மார்ச் 17 அன்று ஷோனென் மேகசின், ஷோனென் சண்டே என்னும் இரு வார இதழ்கள் ஒரே நாளில் வெளிவந்தன. முந்தையதன் விலை 40 யென், பிந்தையதன் விலை 30 யென். சொந்தமாக இதழ் வாங்கக் குடும்பங்களுக்கு வசதி வந்ததும் வாடகை நூலகங்கள் சரிந்தன. ஓவியர்கள் வார இதழ்களை நாடினர். 1965இல் கிதாரோ ஷோனென் மேகசினுக்கு வந்தபோது, தீய பூதங்களிடமிருந்து மனிதரைக் காக்கும் வீரனாக மெல்ல மாறினான். 1968இல் தொலைக்காட்சிக்குச் சென்றபோது கதையின் பழைய தலைப்பிலிருந்த ‘கல்லறை’ என்ற சொல் ஏற்கெனவே நீக்கப்பட்டிருந்தது. பேயும் கண்ணும் அப்படியே இருக்க, வாசகர் மாறியதால் வகை மாறிவிட்டது.

வாடகை நூல்களின் இருண்ட குரல் மறையவில்லை. 1964இல் நாகாய் கத்சுஇச்சி தொடங்கிய காரோ இதழ், ஷிராதோவின் விவசாயிகள் எழுச்சிக் கதையான கமுயி-தென்னுக்கு இடம் தந்தது. 1968இல் வளர்ந்த வாசகருக்கான பிக் காமிக் என்னும் இதழ் வந்தது. கெகிகா குழுவில் இருந்த சைதோ தகாவோ அதே ஆண்டில் அதில் கோல்கோ 13 தொடரைத் தொடங்கினார். செய்னென் என்ற வகை உறுதிப்பட்டது இத்தகைய இதழ்களில்தான். 2021இல் சைதோ மறைந்த பின்னும், அவர் விருப்பப்படி, அவருடைய குழுவினர் அத்தொடரை அதே இதழில் வரைந்து வருகிறார்கள்.