பெட்டிக்குள் என்ன? வெடிமருந்துச் சரக்கு விதிகள் பிறந்த வரலாறு



சென்ற பள்ளி விடுமுறையில் உறவினர் ஒருவருக்குச் சில நூல்களைப் பொட்டலமாகக் கட்டி அனுப்ப அஞ்சல் நிலையம் சென்றிருந்தேன். முகப்பில் அமர்ந்திருந்த பெண்மணி, "உள்ளே வெடிக்கும் பொருள், எளிதில் தீப்பற்றும் பொருள் ஏதேனும் உண்டா?" என்று வினவிவிட்டுப் படிவத்தில் என் கையொப்பத்தைப் பெற்றுக்கொண்டார். வெளியே வந்ததும் என் இளைய மகன், "அம்மா, இருக்கிறது என்று யாராவது சொல்வார்களா? பிறகு எதற்கு இந்தக் கேள்வி?" என்றான். நான்காம் ஆண்டு மாணவனின் கேள்விக்கு நான்கு வரியில் விடை கூற இயலவில்லை. அதற்கு ஏறத்தாழ நூற்று அறுபது ஆண்டு வரலாறு உண்டு. அதனைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1847ஆம் ஆண்டில் இத்தாலியின் தூரின் நகரில் அஸ்கானியோ சொப்ரேரோ என்னும் வேதியியலாளர் நைட்ரோகிளிசரினைக் கண்டறிந்தார். 1860களில் ஆல்பிரட் நோபல் அதனை வணிகப் பொருளாக்கினார். அதற்கு முன்னர் உலகம் பெரிதும் பயன்படுத்திவந்த வெடிமருந்து கருமருந்தே. அதனைப் பார்த்தவுடன் இன்னதென்று எவரும் அறிந்துகொள்வர். நைட்ரோகிளிசரினோ பார்வைக்கு வெறும் எண்ணெய். ஓர் அதிர்ச்சி போதும், வெடித்துவிடும். எண்ணெய் என்றே எண்ணி மக்கள் அதனைக் கையாண்டனர்.

1866 ஏப்ரல் 3ஆம் நாள், பனாமாக் கரையிலுள்ள ஆஸ்பின்வால் துறைமுகத்தில், அதாவது இன்றைய கோலோனில், 'யூரோப்பியன்' என்னும் நீராவிக் கப்பல் வெடித்துச் சிதறியது. அதில் நைட்ரோகிளிசரின் பெட்டிகள் ஏற்றப்பட்டிருந்தன. ஏறத்தாழ 50 பேர் மாண்டனர். பதின்மூன்று நாள் கழித்து, ஏப்ரல் 16ஆம் நாள், சான் பிரான்சிஸ்கோவில் அடுத்த பேரிடர் நிகழ்ந்தது.

இந்த இரண்டாவது நிகழ்வைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நியூயார்க்கிலிருந்து பனாமா வழியே வந்த சரக்கில் ஒரு மரப்பெட்டி ஒழுகிக்கொண்டிருந்தது. கசிந்தது ஒலிவ எண்ணெயை ஒத்திருந்தது. பெட்டியின் தோற்றத்தில் ஐயுறுவதற்கு ஏதும் இல்லை. சரக்கு சேதமுற்றால் அதனைத் திறந்து பார்த்து, இழப்பு யாரைச் சாரும் என்று முடிவு செய்வது அக்கால வழக்கம். அவ்வழக்கப்படியே பெட்டியை வெல்ஸ் பார்கோ நிறுவனத்தின் அலுவலகத்துக்குக் கொண்டு சென்றனர். மரச்சுத்தியலும் உளியும் கொண்டு மூடியைப் பெயர்த்தனர். அங்கிருந்தவர் அனைவரும் அந்நொடியே மடிந்தனர், கட்டடமும் தகர்ந்தது. அவர்கள் செய்தது எதுவும் தவறன்று. தம் கடமையைத்தான் செய்தார்கள். பெட்டியின்மேல் ஒரு சொல் எழுதியிருந்தால் உளியை எடுத்திருக்கமாட்டார்கள்.

அமெரிக்க நாடாளுமன்றம் விரைந்து செயல்பட்டது. அவ்வாண்டு ஜூலை 3ஆம் நாளே ஒரு சட்டம் நிறைவேறியது. நைட்ரோகிளிசரினைப் பயணிகள் செல்லும் கப்பலிலோ வண்டியிலோ ஏற்றக்கூடாது. பிற வழிகளில் அனுப்பினால் உலோகக் கலத்தில் இட்டு, சுற்றிலும் பிளாஸ்டர் ஆப் பாரிஸ் போன்ற பொருளை நிரப்பி, வேறு சரக்குகளோடு சேர்க்காமல் அனுப்ப வேண்டும். வெளியே அதன் பெயரையும் 'அபாயம்' என்னும் சொல்லையும் எவர் கண்ணிலும் படுமாறு பொறிக்க வேண்டும்.

இழப்பீட்டு வழக்கு ஒன்று உச்ச நீதிமன்றம் வரை சென்றது. கட்டட உரிமையாளர் பாரட், வெல்ஸ் பார்கோ நிறுவனத்தின்மீது தொடுத்த அவ்வழக்கில் 1872ஆம் ஆண்டு தீர்ப்பு வந்தது. தாம் வாடகைக்கு எடுத்த பகுதிக்கு மட்டுமே நிறுவனம் பொறுப்பு. மற்ற பகுதிகளின் சேதத்துக்குப் பொறுப்பன்று. ஐயுறக் காரணம் இல்லாதபோது, உள்ளே இருப்பதைச் சரக்கு சுமப்பவர் அறியவில்லை என்பது குற்றமாகாது என்றனர் நீதிபதிகள். படித்தபோது எனக்கு முதலில் இது நியாயமாகப் படவில்லை. பிறகு எண்ணிப் பார்த்தேன். சுமப்பவர் அறியக் கடமைப்பட்டவர் அல்லர் என்றால், உள்ளே இருப்பது இன்னதெனச் சொல்ல வேண்டியவர் யார்? அனுப்புபவர் மட்டுமே. என் மகனின் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. அஞ்சல் முகப்பில் கேட்கப்படும் வினா கள்வனைப் பிடிப்பதற்கு மட்டும் கேட்கப்படுவதன்று. பொறுப்பு யார் கையில் உள்ளது என்பதைக் கையொப்பத்தோடு உறுதி செய்வது அது.

இங்கிலாந்தில் 1874 அக்டோபர் 2ஆம் நாள் இலண்டன் ரீஜன்ட்ஸ் பூங்காவை ஒட்டிய கால்வாயில் ஒரு படகு வெடித்துப் பாலத்தையே தகர்த்தது. கருமருந்தையும் பெட்ரோலிய எண்ணெயையும் ஒரே படகில் ஏற்றியிருந்தனர்! மறு ஆண்டே வெடிபொருள் சட்டம் வந்தது. அமெரிக்காவிலும் 1905 மே மாதம் ஹாரிஸ்பர்க் அருகே வெடிமருந்து ஏற்றிய சரக்குப் பெட்டியில் பயணிகள் தொடர்வண்டி மோதி 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 1907இல் தொடர்வண்டி நிறுவனங்களே ஒரு வெடிபொருள் பணியகத்தை அமைத்தன. படைக்கல வல்லுநர் பெவர்லி டன் என்பவர் அதற்குத் தலைமையேற்றார். 1908இல் கூட்டரசுச் சட்டமும் வந்தது.

அந்த விதிகளின் வழித்தோன்றல்களை இன்று அதிகம் எதிர்கொள்பவர்களுள், சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூட்டை வீட்டிலேயே மீண்டும் நிரப்பும் அமெரிக்கப் பொழுதுபோக்காளர்களும் அடங்குவர். 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் உள்ள நம் நாட்டில் இது நமக்கு வியப்பாக இருக்கலாம். அங்கே பித்தளைக் கூடு, ஈயக் குண்டு, புகையில்லா மருந்து, பிரைமர் என நான்கையும் தனித்தனியே வாங்கலாம். வெற்றுக் கூடும் குண்டும் வெறும் உலோகம். அவற்றுக்கு வெடிபொருள் விதி இல்லை. மற்ற இரண்டுக்கும் உண்டு.

புகையில்லா மருந்து வெடிபொருள் வகையைச் சேர்ந்தது. எனினும் ஒரு வண்டியில் 45.4 கிலோவுக்கு மிகாமலும், உள்ளிருக்கும் ஒவ்வொரு கலத்திலும் 3.6 கிலோவுக்கு மிகாமலும் இருந்தால், உரிய கட்டுமானத்தில் அதனைத் தீப்பற்றும் திடப்பொருளாக வகைப்படுத்தி அனுப்ப விதி இடமளிக்கிறது. காரணம், இம்மருந்து இறுக அடைக்கப்படாதபோது வெடிப்பதில்லை, விரைந்து எரிகிறது.

பிரைமர் என்பது சட்டைப் பொத்தானினும் சிறிய கிண்ணம். தட்டினால் தீப்பொறி கக்குவதே அதன் தொழில். தட்டுகளில் ஒன்றையொன்று தொடாமல் அடுக்கி வைத்தால் ஒன்று வெடித்தாலும் அண்டையது பெரும்பாலும் தப்பிவிடும். அவ்வாறு அடைக்கப்பட்ட பெட்டி '1.4எஸ்' என்னும் வகையில் சேரும். வெடித்தாலும் பாதிப்பு பெட்டிக்குள் அடங்கிவிடும் என்பது அதன் பொருள். அதே பிரைமர்களை ஒரு கண்ணாடிப் புட்டியில் கொட்டிக் குலுக்கினால் அத்தனையும் ஒருசேர வெடிக்கக்கூடும். பொருள் ஒன்றே, கட்டிய முறையால் அது வேறொன்றாகிறது. எனவேதான் அவற்றைத் தயாரிப்பாளரின் பெட்டியிலிருந்து மாற்றக்கூடாது என்கிறார்கள். 1866இல் பிளாஸ்டர் ஆப் பாரிஸ் கேட்ட சட்டமும் இதே எண்ணத்தில் எழுந்ததே.

அமெரிக்க அஞ்சல் துறை மருந்தையும் பிரைமரையும் ஏற்பதேயில்லை. அனைத்துலக அஞ்சல் உடன்படிக்கையும் வெடிபொருளை அஞ்சலில் இடுவதைத் தடை செய்கிறது. தீபாவளிக்கு வெளிநாட்டிலுள்ள பேரப்பிள்ளைகளுக்கு மத்தாப்பு அனுப்பலாமா என்று பெற்றோர் ஒருவர் கடந்த ஆண்டு என்னிடம் கேட்டிருந்தார். அவருக்கும் இதுவே விடை: அனுப்ப இயலாது, ஐயா. முறுக்கு அனுப்புங்கள்.