தித்திவாங்சா மலைத்தொடரில் பல நாள் நடைப்பயணம்: புறப்படும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

இரவெல்லாம் மழை கொட்டி ஓய்ந்த ஒரு காலையில், ஈப்போவில் ஏதாவது ஓர் உயரமான இடத்தில் நின்று கிழக்கே பாருங்கள். முன்னால் செங்குத்தாக நிற்பவை நமக்குப் பழக்கமான சுண்ணாம்புக் குன்றுகள். அவற்றுக்குப் பின்னால், மேகத்துக்குள் பாதி மறைந்து, நீல நிறத்தில் ஒரு சுவர் மாதிரி தெரிவதுதான் தித்திவாங்சா மலைத்தொடர்.

தம்பூன், தஞ்சோங் ரம்புத்தான், சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்த மலை புதிதல்ல. விடியற்காலையில் பால்மரம் வெட்டப் போன தாத்தா பாட்டிகள் தினமும் பார்த்த மலைதான். ஆனால் பால்மரக்காட்டு எல்லையைத் தாண்டி உள்ளே போனவர்கள் குறைவு. "அங்கெல்லாம் போகாதே" என்பதுதான் வீட்டில் கேட்ட பேச்சு.

இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகள் முதுகில் பையை மாட்டிக்கொண்டு அதே மலைக்குப் போகிறார்கள். வார இறுதியில் புக்கிட் கிளெடாங் ஏறியவர்களுக்கு அடுத்த ஆசை குனோங் கொர்பு. அதற்கும் அடுத்த ஆசை, மலை முகட்டிலேயே நாள் கணக்கில் நடப்பது. இதற்கு உண்மையிலேயே என்ன தேவை? எங்கே ஆபத்து இருக்கிறது? வழிகாட்டி எதற்கு? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இது எந்த மலை?

தித்திவாங்சா, தீபகற்ப மலேசியாவின் முதுகெலும்பு. தாய்லாந்து எல்லையிலிருந்து நெகிரி செம்பிலான் வரை சுமார் 480 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் கருங்கல் மலைத்தொடர். கிந்தா ஆறு பிறப்பதும் இங்கேதான்.

மலையேறிகள் அடிக்கடி 'ஜி7' என்பார்கள். உலகத் தலைவர்கள் மாநாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தீபகற்பத்தில் 7,000 அடியைத் தாண்டிய ஏழு உச்சிகளுக்குத்தான் அந்தப் பெயர். தாகான் (2,187 மீட்டர்), கொர்பு (2,183), யோங் பெலார் (2,181), காயோங் (2,173), சாமா (2,171), யோங் யாப் (2,168), உலு செப்பாட் (2,161). இதில் தாகான் மட்டும் தனி. மற்ற ஆறும் தித்திவாங்சாவில் இருக்கின்றன. முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் வித்தியாசம் வெறும் 4 மீட்டர்!

நீண்ட பயணங்களில் பலருக்கும் தெரிந்தது, யோங் பெலார், காயோங், கொர்பு மூன்றையும் ஒரே மூச்சில் இணைக்கும் 'டிரான்ஸ் தித்திவாங்சா' பாதை. கேமரன் மலை, லோஜிங் பக்கம் காட்டுக்குள் நுழைந்து, முகட்டிலேயே நடந்து, ஈப்போவுக்கு அருகே உலு கிந்தாவில் இறங்குவார்கள். உடல்வலுவையும் வானிலையையும் பொறுத்து ஏறக்குறைய ஒரு வாரம் பிடிக்கலாம்.

முதன்முதலில் நடந்தவர்கள் யார்?

மலை முகடுகளையும் கணவாய்களையும் முதலில் அறிந்தவர்கள் ஒராங் அஸ்லி மக்கள். பேராக் மலைப்பகுதிகளில் தெமியார், செமாய் மக்கள் பல தலைமுறைகளாக வாழ்கிறார்கள். 'யாரும் போகாத காடு' என்று நாம் சொல்வது அவர்களுக்கு வீடு.

எழுத்தில் பதிவான பெரிய பயணம் 1885இல் நடந்தது. பிரிட்டிஷ் அரசின் நில அளவையாளர் வில்லியம் கேமரன் தஞ்சோங் ரம்புத்தானிலிருந்து யானைகளோடு புறப்பட்டார். உடன் வந்தவர் குலோப் ரியாவ். அந்தப் பயணம் மாதக்கணக்கில் நீண்டது. மலைகளுக்கு நடுவே அவர்கள் கண்ட மேட்டுநிலத்துக்கு இன்று கேமரன் மலை என்று பெயர். கூடவே நடந்த குலோப் ரியாவின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? மலைப்பயண வரலாற்றில் இது வழக்கமாக நடப்பதுதான். அளந்தவர் பெயர் நிற்கும், உடன் நடந்தவர் பெயர் மறையும்.

தமிழர்களுக்கும் இதில் ஒரு பக்கம் உண்டு. 1997 மே 23ஆம் தேதி எவரெஸ்ட் உச்சியைத் தொட்ட முதல் மலேசியர்கள் எம். மகேந்திரனும் என். மோகனதாஸும். மலையேற்றம் 'நம்ம ஆளுங்களுக்கு ஒத்து வராது' என்று இனி யாராவது சொன்னால், இந்தத் தேதியைச் சொல்லுங்கள்.

வாரக்கணக்கில் நடக்க முடியுமா?

பூட்டானில் 'ஸ்னோமேன்' என்றொரு பாதை இருக்கிறது. 5,000 மீட்டரைத் தாண்டும் கணவாய்கள் வழியாகச் சுமார் 25 நாள் நடக்க வேண்டும். நம் ஊரில் ஏன் அந்த மாதிரிப் பயணம் அரிது? பதில் பையின் எடையில் இருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சுமையோடு நாள் முழுக்க ஏறி இறங்கும் உடலுக்குச் சுமார் 3,000 முதல் 4,000 கலோரி தேவைப்படலாம். உலர்ந்த உணவாகவே எடுத்துப் போனாலும் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 800 கிராம் ஆகும். கூடாரம், தூங்கும் பை, மாற்று உடை, அடுப்பு எல்லாம் சேர்த்து 10 கிலோ. தண்ணீர் 2 கிலோ.

8 நாளுக்கு: உணவு 6.4 கிலோ. மொத்தம் 18 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே.
21 நாளுக்கு: உணவு மட்டும் 16.8 கிலோ. மொத்தம் 29 கிலோவைத் தொட்டுவிடும்.

60 கிலோ எடையுள்ள ஒருவர் 18 கிலோ தூக்குவதே கஷ்டம். 29 கிலோ என்றால் முட்டி போய்விடும். பூட்டானில் கோவேறு கழுதையும் கவரிமாவும் சுமக்கின்றன. இங்கே வேரைப் பிடித்துத் தொங்கி ஏறும் இடங்களில் எந்த மிருகமும் சுமை தூக்கி வராது. உங்கள் முதுகுதான். இல்லையென்றால் கூலிக்குச் சுமக்கும் ஒருவரின் முதுகு.

அதனால் தித்திவாங்சாவில் வாரக்கணக்கில் நடக்க விரும்புகிறவர்கள் பயணத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துக்கொள்வதுதான் அறிவுடைமை. மலைத்தொடரைக் குறுக்கே வெட்டும் சாலைகள் அதற்குக் கைகொடுக்கும். வடக்கே 1982இல் திறக்கப்பட்ட கிரிக் – ஜெலி கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை, நடுவே சிம்பாங் பூலாய் – கேமரன் மலை – குவா மூசாங் சாலை, தெற்கே தாப்பா – கேமரன் மலைச் சாலை. ஒவ்வொரு சாலையிலும் உணவை நிரப்பிக்கொண்டு, முடியாதவர்கள் அங்கேயே வீடு திரும்பலாம்.

2,000 மீட்டர்தானே, அதில் என்ன கஷ்டம்?

இமயமலையோடு ஒப்பிட்டால் உயரம் குறைவுதான். பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல் வரும் உயர நோய் இங்கே பெரிய கவலை இல்லை. இங்கே உள்ள சிக்கல்கள் வேறு.

குளிர்: ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும். ஈப்போவில் 33 டிகிரி வெயில் அடிக்கும்போதும் கொர்பு உச்சியில் 20 டிகிரிதான் இருக்கும். இரவில் இன்னும் இறங்கும். நனைந்த உடை, காற்று, பசி மூன்றும் சேர்ந்தால் உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்குக் குறையலாம். நடுக்கம், குழறும் பேச்சு, தடுமாற்றம் ஆகியவை முதல் அறிகுறிகள். பருத்தி டி-சட்டை நனைந்தால் எளிதில் காயாது. சீக்கிரம் காயும் துணியே நல்லது. தூங்குவதற்கென்று ஒரு ஜோடி உலர்ந்த உடையைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்துக்கொள்ளுங்கள். என்ன ஆனாலும் அதைப் போட்டு நடக்காதீர்கள்.

வெள்ளம்: மலாயில் 'கெப்பாலா ஆயர்' என்பார்கள். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும், மேலே பெய்த மழை திடீரென்று சுவர் போல ஆற்றில் இறங்கும். தெளிந்த நீர் கலங்கினாலோ, இலையும் குச்சியும் மிதந்து வந்தாலோ, மேலே இரைச்சல் கேட்டாலோ யோசிக்காமல் கரையேறுங்கள். ஆற்றோரம் கூடாரம் போடவே கூடாது.

காய்ச்சல்: அட்டை கடித்தால் இரத்தம் வரும், பெரும்பாலும் அத்தோடு சரி. பயப்பட வேண்டியது வேறு. எலிச் சிறுநீர் கலந்த நீரால் வரும் லெப்டோஸ்பைரோசிஸ், குரங்குகளிடமிருந்து கொசு வழியாகப் பரவும் நோலெசி மலேரியா. மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் உள்ளூர் மலேரியா 2018 முதல் மலேசியாவில் பதிவாகவில்லை. நோலெசி மட்டும் தொடர்கிறது. அந்தக் கிருமி 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகுவதால் நிலைமை சீக்கிரம் மோசமாகலாம். காட்டிலிருந்து திரும்பி ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால், "டாக்டர், நான் காட்டுக்குப் போய் வந்தேன்" என்று முதலில் சொல்லுங்கள். அந்த ஒரு வரி உயிரைக் காப்பாற்றலாம்.

புலி வருமா? எல்லாரும் கேட்கும் கேள்வி. மலாயாப் புலிகள் நாட்டில் 150க்கும் குறைவாகவே எஞ்சியிருக்கின்றன. நீங்கள் அதைப் பார்ப்பதைவிட, வழுக்கி விழுந்து கணுக்கால் பிசகுவதற்குத்தான் வாய்ப்பு அதிகம்.

மலிம் குனோங் என்பவர் யார்?

மலை வழிகாட்டியை மலாயில் 'மலிம் குனோங்' என்பார்கள். 'மலிம்' என்ற சொல் அரபியின் 'முஅல்லிம்' என்பதிலிருந்து வந்தது. கப்பலுக்கு வழிகாட்டுபவரைக் குறிக்கும் நம்முடைய 'மாலுமி'யும் அதே வேரிலிருந்து வந்ததாகத் தமிழ் அகராதி சொல்கிறது. ஒருவர் கடலில், ஒருவர் மலையில். இருவருக்கும் ஒரே வேலை: ஏற்றிக்கொண்டு போனவர்களைத் திருப்பிக் கொண்டுவந்து சேர்ப்பது.

நல்ல மலிம் பாதை காட்டுவதோடு நிற்கமாட்டார். யார் சாப்பிடவில்லை, யார் பேச்சை நிறுத்திவிட்டார், யாருடைய நடை மாறியிருக்கிறது என்று கவனித்துக்கொண்டே வருவார். உச்சிக்கு அரை மணி நேரம் இருக்கும்போது "போதும், திரும்பலாம்" என்று சொல்லும் துணிச்சலும் அவருக்கு வேண்டும். பணம் கட்டியவர்கள் முகம் சுளிப்பார்கள்தான். பரவாயில்லை. மலை அங்கேயேதான் இருக்கும்.

பணம் கட்டும் முன் என்ன கேட்கணும்?

- வனத்துறை அனுமதியில் என் பெயர் இருக்கிறதா? நகலைப் பார்க்கலாமா?
- எத்தனை பேருக்கு எத்தனை வழிகாட்டி? கடைசி ஆளோடு யார் நடப்பார்?
- எத்தனை மணிக்கு உச்சியை அடையாவிட்டால் திரும்புவோம்?
- நடுவழியில் முடியாமல் போனால் வெளியேற எங்கே வழி இருக்கிறது?
- சிக்னல் இல்லாத இடத்தில் எப்படித் தகவல் அனுப்புவீர்கள்?
- காப்புறுதி மீட்புச் செலவையும் சேர்த்ததா?
- சுமை தூக்குபவருக்கு எத்தனை கிலோ? அவருக்கும் காப்புறுதி உண்டா?

கடைசிக் கேள்வியைப் பெரும்பாலோர் கேட்பதில்லை. அவசியம் கேளுங்கள்.

அனுமதி என்பது வெறும் காகிதம் அல்ல. 1984ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டப்படி, நிரந்தர வனக் காப்பகத்துக்குள் அனுமதியின்றி நுழைந்தால் 10,000 ரிங்கிட் வரை அபராதமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். அதைவிட முக்கியமான விஷயம், அந்தக் காகிதத்தில் பெயர் இருந்தால்தான், குறித்த நாளில் வெளியே வராவிட்டால் தேட வேண்டியது யாரை, எங்கே என்று பொம்பா வீரர்களுக்குத் தெரியும்.

உடம்பை எப்படித் தயார் செய்வது?

மூன்று மாதமாவது வேண்டும். 808 மீட்டர் உயரமுள்ள புக்கிட் கிளெடாங்கில் வெறும் கையோடு தொடங்குங்கள். பிறகு பையில் 5 கிலோ அரிசி, பிறகு 10, பிறகு 15. ஏறுவதைவிட இறங்குவதுதான் முட்டியைச் சோதிக்கும், அதனால் இறங்கவும் பழகுங்கள். அடுத்து ஓர் இரவு தங்கும் பயணம். தைப்பூசத்துக்குப் புந்தோங்கிலிருந்து கல்லுமலைக் கோயிலுக்கு வெறுங்காலில் நடந்தவர்களுக்கு ஒன்று தெரியும்: கடைசியில் கால் நடப்பதில்லை, மனசுதான் நடக்கிறது. ஆனால் மனசு நடக்க வேண்டுமென்றால் காலும் விரதம் மாதிரி முன்கூட்டியே பழகியிருக்க வேண்டும்.

விலை உயர்ந்த சப்பாத்து கட்டாயமா? இல்லை. பல வழிகாட்டிகள் அணிவது, நம் ஊரில் 'அடிடாஸ் கம்போங்' என்று கேலியாகச் சொல்லும் கறுப்பு ரப்பர் சப்பாத்துதான். பால்மரம் வெட்டப் போனவர்களுக்கும் பழக்கமான சப்பாத்து. சேற்றில் பிடிப்பு நன்றாக இருக்கும், நனைந்தாலும் கனக்காது.

வழி தவறிவிட்டால்?

முதலில் உட்காருங்கள். ஓடாதீர்கள், குழுவைப் பிரிக்காதீர்கள். 'ஆற்றோரமா இறங்கினா ஊர் வந்துரும்' என்று நம்பாதீர்கள். இந்த மலையில் ஆறு பல இடங்களில் அருவியாக விழும். கடைசியாகப் பாதை தெரிந்த இடத்துக்குத் திரும்ப முடிந்தால் திரும்புங்கள், முடியாவிட்டால் அங்கேயே இருங்கள். மூன்று மூன்று முறையாக விசில் ஊதுங்கள். சிக்னல் கிடைத்தால் 999. தொலைபேசியின் மின்கலத்தை மிச்சப்படுத்துங்கள்.

வீட்டில் என்ன சொல்வது?

"ஃபிரெண்ட்ஸோட கேமரன் போறேன்" என்று பொய் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். எந்தப் பாதை, யாருடன், எந்த நாளில் வெளியே வருவீர்கள், எத்தனை மணிக்குப் பிறகு அவர்கள் யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி, குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவிட்டுப் போங்கள்.

அம்மா திட்டத்தான் செய்வார். ஆனால் நீங்கள் சொன்ன நாளில் திரும்பவில்லையென்றால், தேடலைத் தொடங்கி வைக்கப்போவது அந்தத் தாள்தான்.