சென்னைப்பட்டினத்தின் கைமாற்றமும் வெளியேற்றங்களும் (1746 – 1752): பெத்ருஸ் உஸ்கானை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

1746ஆம் ஆண்டு பிரெஞ்சியர் சென்னைப்பட்டினத்தைக் கைப்பற்றினர். 1749இல் அது மீண்டும் ஆங்கிலேயர் வசமாயிற்று. இவ்விரு கைமாற்றங்களின்போதும் நகரின் குடிகள் இடம்பெயர்க்கப்பட்டனர். போர் வரலாறுகள் தளபதிகளையும் முற்றுகைகளையும் பேசும் அளவுக்குக் குடிகளின் வெளியேற்றத்தைப் பேசுவதில்லை. இக்கட்டுரை ஆர்மீனிய வணிகர் கோஜா பெத்ருஸ் உஸ்கானின் வாழ்வை மையமாகக் கொண்டு, இரு அரசுகளும் சொத்துரிமையை விசுவாசத்தின் அளவுகோலாகப் பயன்படுத்திய முறையை ஆராய்கிறது. இதே காலத்தில் வட அமெரிக்காவில் அகாடியர்கள் நாடுகடத்தப்பட்ட நிகழ்வு ஒப்பீட்டுக்குக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: சென்னைப்பட்டினம், ஆர்மீனியர், வெளியேற்றம், வேப்பேரி, தரங்கம்பாடி, அகாடியர்

முன்னுரை

1748 அக்டோபரில் ஐரோப்பாவில் கையெழுத்தான எக்ஸ்-லா-ஷாப்பேல் உடன்படிக்கை, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு கடற்கரை ஊர்களை ஒரே பேரத்தில் இணைத்தது. 1745இல் ஆங்கிலேயத் தரப்பு கைப்பற்றியிருந்த லூயிபூர்க் கோட்டை பிரான்சுக்குத் திரும்பியது. அது வட அமெரிக்காவின் கேப் பிரெட்டன் தீவில் இருந்தது. 1746இல் பிரெஞ்சியர் கைப்பற்றிய சென்னைப்பட்டினம் ஆங்கிலேயருக்குத் திரும்பியது. இவ்விரு ஊர்களிலோ அவற்றைச் சுற்றியோ வாழ்ந்த மக்களின் கருத்து எவ்விடத்திலும் கேட்கப்படவில்லை.

லூயிபூருக்கு அருகே நோவா ஸ்கோஷியாவில் வாழ்ந்தவர்கள் அகாடியர்கள். பிரெஞ்சு மொழி பேசிய கத்தோலிக்க உழவர்களான இவர்கள் 1713ஆம் ஆண்டின் உத்ரெக்ட் உடன்படிக்கையால் ஆங்கிலேய ஆட்சிக்குள் வந்தனர். எத்தரப்புக்காகவும் ஆயுதம் ஏந்துவதில்லை என்ற நிலைப்பாட்டால் 'நடுநிலைப் பிரெஞ்சியர்' எனப்பட்டனர். நிபந்தனையற்ற விசுவாச உறுதிமொழியை அவர்கள் மறுத்தபோது, 1755 முதல் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் கப்பல்களில் ஏற்றி நாடுகடத்தப்பட்டனர். வீடுகள் கொளுத்தப்பட்டன, நிலங்கள் புதிய குடியேறிகளுக்கு வழங்கப்பட்டன.

சென்னைப்பட்டினத்தில் அத்தகைய பெருந்திரள் கப்பலேற்றம் நிகழவில்லை. ஆயினும் இரு அரசுகளுக்கு நடுவே வாழ்ந்த குடிகள் ஐயத்துக்குரியவராக ஆக்கப்பட்ட முறையில் இரு ஊர்களின் அனுபவமும் ஒத்திருக்கிறது. அதனை விளக்க உஸ்கானின் வாழ்வு பொருத்தமான சான்றாகும்.

புலம்பெயர்ந்த குடியின் வரலாறு

உஸ்கானின் முன்னோர் ஜுல்ஃபா ஆர்மீனியர் மரபைச் சார்ந்தவர்கள். அம்மரபின் தொடக்கமே ஒரு கட்டாய இடப்பெயர்வாகும். உதுமானியருக்கு எதிரான போரின்போது, 1604 – 1605 ஆண்டுகளில் பாரசீகப் பேரரசர் ஷா அப்பாஸ், அராஸ் ஆற்றங்கரையிலிருந்த ஜுல்ஃபா நகர மக்களைப் பெயர்த்துத் தம் தலைநகர் இஸ்ஃபஹானுக்குக் கொண்டுசென்றார். பழைய ஊர் அழிக்கப்பட்டது. இஸ்ஃபஹானில் எழுந்த புதிய ஜுல்ஃபாவிலிருந்து ஆர்மீனிய வணிகர் ஐரோப்பா முதல் மணிலா வரை பரவினர். நாடும் படையும் இல்லாத அவர்களுக்கு உறவு வலைப்பின்னலும் நம்பகமுமே முதலாக இருந்தன.

ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பினி இவ்வலைப்பின்னலின் பயனை உணர்ந்திருந்தது. 1688இல் கோஜா பானோஸ் கலந்தாருடன் இலண்டனில் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, கும்பினியின் நகரங்களில் ஆங்கிலேயக் குடிகளுக்கு இணையாக வாழவும், வீடும் நிலமும் வாங்கவும் விற்கவும் ஆர்மீனியருக்கு உரிமை அளிக்கப்பட்டது. நாற்பது ஆர்மீனியர் குடியேறும் ஊரில் அவர்களுக்குத் தேவாலயம் அமைத்துத் தருவதாகவும் கும்பினி உறுதியளித்தது. பின்னர் நிகழ்ந்தவற்றை மதிப்பிட இவ்வொப்பந்தம் அடிப்படை ஆவணமாகிறது.

மணிலா வணிகத்தில் பெரும்பொருள் ஈட்டிய உஸ்கான் 1724இல் சென்னைப்பட்டினத்தில் நிலைகொண்டார். எசுப்பானியர் ஆட்சியிலிருந்த மணிலாவில் ஆங்கிலேயர் வெளிப்படையாக வணிகம் செய்ய இயலாத நிலையில், ஆர்மீனியரின் பெயரும் கப்பலும் சென்னைத் துணிகளை அங்குக் கொண்டுசேர்த்தன. ஈட்டிய பொருளின் ஒரு பகுதியை உஸ்கான் ஊருக்கே செலவிட்டார். 1726இல் அடையாற்றின் குறுக்கே சைதாப்பேட்டையில் அவர் கட்டுவித்த பாலம் மர்மலாங் பாலம் எனப்பட்டது. இன்று அவ்விடத்திலுள்ள பாலம் மறைமலை அடிகள் பெயரைத் தாங்குகிறது. பரங்கிமலைக்குச் செல்லும் கற்படிகளும் வேப்பேரிச் சிற்றாலயமும் அவரது கொடைகளே.

முதல் கைமாற்றம்: பிரெஞ்சியர் விதித்த தேர்வு

1746 செப்டம்பரில் லா பூர்தொனே தலைமையில் வந்த பிரெஞ்சுக் கடற்படை சில நாள் முற்றுகைக்குப் பின் கோட்டையைக் கைப்பற்றியது. 11 இலட்சம் வராகன் மீட்புத்தொகை பெற்று நகரைத் திருப்பித்தர லா பூர்தொனே இசைந்தார். புதுச்சேரி ஆளுநர் துய்ப்ளே அதனை ஏற்கவில்லை. உடன்பாடு இரத்தானதும், ஆளுநர் நிக்கொலஸ் மோர்ஸ் உள்ளிட்ட ஆங்கிலேயர் சிலர் போர்க்கைதிகளாகப் புதுச்சேரிக்கு இட்டுச்செல்லப்பட்டனர். இளம் எழுத்தரான இராபர்ட் கிளைவ் போன்றோர் தப்பிக் கடலூரின் புனித தாவீது கோட்டையை அடைந்தனர். நகரைத் தமக்குத் தருமாறு கோரிய ஆர்க்காட்டு நவாபின் படை, மகன் மாபூஸ்கான் தலைமையில் வந்து அடையாற்றங்கரையில் தோல்வியுற்றது.

துய்ப்ளேயின் நோக்கம் கோட்டையோடு முடிவதன்று. சென்னையின் வணிகத்தைப் புதுச்சேரிக்குக் கொண்டுசெல்ல வேண்டுமாயின் சென்னையின் வணிகரைக் கொண்டுசெல்ல வேண்டும். எனவே நகரின் செல்வந்தர் புதுச்சேரியில் குடியேறத் தூண்டப்பட்டனர். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு இம்முயற்சிகளை உடனிருந்து கண்டவரின் பதிவாக நமக்குக் கிடைக்கிறது. பிள்ளையின் குடும்பமே ஒரு தலைமுறைக்கு முன் இவ்வழியைக் கடந்தது என்பது கருதத்தக்கது. 1709இல் பெரம்பூரில் பிறந்த அவர், தந்தை திருவேங்கடம் பிள்ளை உறவினரான நைனியப் பிள்ளையின் அழைப்பால் பெயர்ந்ததால் புதுச்சேரிக்காரரானார். அன்று அழைப்பாக இருந்தது, 1746க்குப் பின் சொத்துப் பறிப்பின் அச்சுறுத்தலோடு கூடிய கட்டளையாயிற்று.

உஸ்கானின் சொத்துகள் பறிமுதல் செய்யப்பட்டன. புதுச்சேரியில் குடியேறினால் அவை திருப்பித் தரப்படும் என்று பிரெஞ்சியர் தெரிவித்தனர். அவர் மறுத்தார், டேனியர் ஆட்சியில் இருந்த தரங்கம்பாடிக்குச் சென்று தங்கினார். இரு அரசுகளும் போரிடும்போது மூன்றாம் அரசின் கொடிக்கீழ் ஒதுங்குவது ஆர்மீனிய வணிகர் அறிந்த தற்காப்பு முறையே. ஆயினும் பெரும்பொருளை இழந்து இதனைத் தேர்ந்தது, ஆங்கிலேயர்பால் அவர் கொண்டிருந்த பற்றுக்குச் சான்றாகப் பிற்கால வரலாற்றாசிரியர்களால் கொள்ளப்படுகிறது. மணிலா வணிகம் ஆங்கிலேயத் தொடர்பையே சார்ந்திருந்தமையால், பற்றும் வணிகக் கணிப்பும் இங்கு ஒன்றையொன்று விலக்குவன அல்ல.

தரங்கம்பாடிக்குச் செல்லும் பொருள்வலிமை எல்லோர்க்கும் இல்லை. கோட்டையின் வடமதிலை ஒட்டியிருந்த பழைய கறுப்பர் நகரத்தின் வீடுகளைப் பிரெஞ்சியர் பாதுகாப்புக் காரணங்கூறி இடிக்கத் தொடங்கினர். அப்பணியை ஆங்கிலேயர் பின்னர் நிறைவுசெய்தனர். இன்றைய உயர்நீதிமன்ற வளாகம் அப்பழைய நகரத்தின் நிலப்பரப்பில் அமைந்துள்ளது. அங்கு வாழ்ந்த கைவினைஞரும் சிறுவணிகரும் ஆவணங்களில் பெயரின்றிக் கூட்டமாகவே குறிக்கப்படுகின்றனர். உஸ்கானின் இழப்பை விரிவாக அறிய முடிவதற்கு அவரது செல்வமே காரணம் என்பதை ஆய்வாளர் மனங்கொள்ள வேண்டும்.

இரண்டாம் கைமாற்றம்: ஆங்கிலேயர் நடத்திய விசாரணை

1749 ஆகஸ்டு இறுதியில் கடற்படைத் தலைவர் பாஸ்கவன் நகரைப் பொறுப்பேற்றார். திரும்பிவந்த நிர்வாகம், தோல்விக்குக் காரணமானவர்களை உள்ளூர்க் குடிகளிடையே தேடியது. கத்தோலிக்கப் பாதிரிமார் பிரெஞ்சியருக்குச் செய்தி அனுப்பினர் என்ற ஐயம் மேலோங்கியிருந்தது. கோட்டைக்குள் கப்புச்சின் துறவியர் நடத்திவந்த புனித அந்திரேயா ஆலயம் பறிக்கப்பட்டு, பின்னர் இடிக்கப்பட்டது. கத்தோலிக்கர் வெள்ளையர் நகரத்தில் வசிக்கக்கூடாது என்று ஆணையிடப்பட்டது. இத்தடை ஆர்மீனியருக்கும் விரிவாக்கப்பட்டது. பிரெஞ்சு ஆட்சியின்கீழ் நகரிலேயே தங்கியிருந்ததும் வணிகம் செய்ததும் அவர்கள்மீது கூறப்பட்ட குறைகளாகும்.

இங்கு இரண்டு செய்திகள் எண்ணிப் பார்க்கத்தக்கன. ஒன்று, 1688ஆம் ஆண்டு ஒப்பந்தம் அளித்த சம உரிமை இவ்வாணையால் நடைமுறையில் செல்லாததாயிற்று. அறுபது ஆண்டுகள் வணிகப் பயன் தந்த உரிமை, போர்க்கால ஐயத்தின்முன் நிற்கவில்லை. மற்றொன்று, குற்றம் தனிமனிதர் செயலைக்கொண்டு முடிவுசெய்யப்படவில்லை. சமயமும் இனமுமே அளவுகோலாயின. பிரெஞ்சியரை மறுத்துச் சொத்திழந்த உஸ்கானும், வேறு போக்கிடமின்றி நகரில் தங்கியவரும் ஒரே வகைப்பாட்டுக்குள் வந்தனர். அகாடியர் வெளியேற்றத்திலும், எதிர்த்தவரும் எதிர்க்காதவரும் ஒருசேரக் கப்பலேற்றப்பட்டனர்.

கோட்டைக்குள்ளும் வெளியிலும் இருந்த சிறப்பான வீடுகள் சில, இக்காலத்தை ஒட்டிக் கும்பினியின் கைக்கு வந்தன. ஆர்மீனியரான ஷாமியர் சுல்தானுக்கு உரிய வீட்டில் 1753இல் கிளைவ் குடியிருந்தார். 1755இல் கும்பினி அதனை வாங்கிற்று. போர்த்துகீசியக் கத்தோலிக்க வணிகக் குடும்பத்தைச் சார்ந்த அந்தோனியா தெ மதேரோஸ் என்ற பெண்மணியின் தோட்டவீடு 1753இல் வாங்கப்பட்டு ஆளுநர் மாளிகையாயிற்று. இன்றைய ஓமந்தூரார் அரசினர் தோட்டம் அதுவே. இவை விலைகொடுத்து வாங்கப்பட்டவை, பறிமுதல்கள் அல்ல. எனினும், கோட்டைக்குள் வாழும் உரிமை மறுக்கப்பட்டபின் அங்குள்ள வீட்டை விற்பவரின் பேரவலிமை எத்தகையது என்பதை ஊகிப்பது கடினமன்று.

மேற்குத் திசையில் கும்பினியின் எல்லையும் இதே காலத்தில் விரிந்தது. வேப்பேரி, பெரம்பூர் உள்ளிட்ட ஐந்து ஊர்களை 1742இல் பெற்றிருந்த கும்பினி, நகரை மீட்டபின் சாந்தோமையும், முகம்மது அலியிடமிருந்து பூந்தமல்லிச் சீமையையும் பெற்றது. கோட்டையின் உட்புறம் குறிப்பிட்ட குடிகளுக்கு மூடப்பட்ட அதே ஆண்டுகளில், வெளிப்புறத்தில் வருவாய் நிலங்கள் சேர்ந்துகொண்டிருந்தன. இவ்விரண்டும் பாதுகாப்பு என்ற ஒரே சொல்லால் நியாயப்படுத்தப்பட்டவை.

வேப்பேரி ஆலயமும் தமிழ் அச்சும்

நகருக்குத் திரும்பிய உஸ்கான் 1751 சனவரியில் காலமானார். தாம் எழுப்பிய வேப்பேரி ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவரது விருப்பப்படி இதயம் மட்டும் ஜுல்ஃபாவுக்கு அனுப்பப்பட்டது என்பது ஆர்மீனியர் வரலாற்று நூல்கள் தரும் செய்தி. மறு ஆண்டே, 1752இல், கத்தோலிக்க வழிபாட்டிடமாயிருந்த அவ்வாலயம் பறிக்கப்பட்டுச் சீர்திருத்தத் திருச்சபை ஊழியரான யோகான் பிலிப் பெப்ரீசியுசிடம் ஒப்படைக்கப்பட்டது. இன்று அது புனித மத்தியாஸ் ஆலயமாக விளங்குகிறது.

பெப்ரீசியுசும் இப்போர்களால் பெயர்ந்தவரே. பிரெஞ்சியர் நகரைப் பிடித்தபோது அவர் டச்சுக்காரர் வசமிருந்த பழவேற்காட்டில் அடைக்கலம் புகுந்தார். 1758இல் லாலி படையெடுத்தபோதும் அங்கேயே சென்றார். 1761 சனவரியில் புதுச்சேரி வீழ்ந்தபின் ஆங்கிலேயர் கைப்பற்றிய அச்சுப்பொறி வேப்பேரிக்கு வந்து அவர் பொறுப்பில் விடப்பட்டது. அவரது தமிழ்ப் புதிய ஏற்பாடு 1772இலும், தமிழ் – ஆங்கில அகராதி 1779இலும் வேப்பேரியில் வெளிவந்தன. அகராதியியல் வரலாற்றிலும் விவிலிய மொழிபெயர்ப்பு வரலாற்றிலும் இவற்றின் இடம் நன்கு அறியப்பட்டது. ஆனால் அவை உருவான இடம் ஒரு குடியிடமிருந்தும், அச்சுப்பொறி ஒரு நகரிடமிருந்தும் பறிக்கப்பட்டவை என்பது அச்சு வரலாற்று ஆய்வுகளில் உரிய அழுத்தம் பெறவில்லை.

வெளியேற்றப்பட்ட ஆர்மீனியரும் கறுப்பர் நகரத்தில் தம் வாழ்வை மீட்டமைத்தனர். இன்றைய அரண்மனைக்காரத் தெருவில் உள்ள அவர்களது தேவாலயம் 1772இல் கட்டப்பட்டது. அதே ஆண்டில் ஷாமிர் ஷாமிரியன் குடும்பத்தினர் ஆர்மீனிய அச்சகத்தைச் சென்னையில் நிறுவினர். உலகின் முதல் ஆர்மீனிய இதழான 'அஸ்தரார்' 1794இல் பாதிரியார் ஹருத்யூன் ஷ்மவோனியனால் சென்னையிலிருந்து வெளியிடப்பட்டது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் சில முடிவுகள் பெறப்படுகின்றன. அகாடியாவில் வெளியேற்றத்தின் கருவி கப்பல். சென்னைப்பட்டினத்தில் அது சொத்துரிமை. பிரெஞ்சியர் சொத்தைக் காட்டி இடம்பெயரச் சொன்னார்கள். ஆங்கிலேயர் இடம்பெயராததைக் காட்டிக் குடியுரிமையை மறுத்தார்கள். எதிரெதிரான இவ்விரு நிலைப்பாடுகளும் நடுவில் வாழ்ந்த குடியிடம் ஒன்றையே கோரின: ஒரே கொடிக்கு மட்டும் உரியவராயிருத்தல். பல துறைமுகங்களில் உறவு வைத்து வாழ்ந்த வணிகக் குடிக்கு அது இயலாத ஒன்றாகும்.

உஸ்கானின் பாலம், படிகள், ஆலயம் ஆகிய மூன்றும் சென்னையில் இன்றும் ஏதோவொரு வடிவில் பயன்பாட்டில் உள்ளன. அவரைக் கொடையாளராக மட்டும் நினைவுகூரும் மரபோடு, இருமுறை உரிமை மறுக்கப்பட்ட குடியின் உறுப்பினராகவும் அவரை வைத்து ஆராய்வது தேவையாகிறது. ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பின் தமிழ் மூலத்தை இந்நோக்கில் மீண்டும் படித்தால், ஆங்கில ஆவணங்கள் கூட்டமாகக் குறிக்கும் கறுப்பர் நகரக் குடிகளின் பெயர்ச்சியையும் விரிவாக எழுத இயலும்.