இரட்டைப் பெயர் – 9: ஓராண்டுச் சிறை

முன்கதை: 2007-இல், யாஹூவில் பணியாற்றிய ஸ்டீவ் சௌடர்ஸ் தன் நூலில் ஒரு விதியை வகுத்தார். படம், நிரல், வடிவமைப்புக் கோப்புகளைப் பயனரின் பிரவுசரிலேயே நீண்ட காலம் தங்க விடுங்கள். பக்கம் வேகமாகத் திறக்கும் என்றார். உலகம் அதைக் கேட்டது. பக்கங்களின் வேகம் கூடியது. ஆனால் அந்த வேகத்துக்கு ஒரு விலை இருந்தது.

திண்டிவனத்திலிருந்து தெற்கே வந்து, கூட்டேரிப்பட்டில் திருச்சி நெடுஞ்சாலையை விட்டுத் திரும்பினால் மயிலம். குன்றின்மேல் முருகன் கோயில், கீழே ஊர், பக்கத்திலேயே பொறியியல் கல்லூரி. அங்கே ஒரு மாணவி கைபேசியில் கட்டணம் செலுத்தும் பக்கம் ஒன்றைத் திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்தோடு ‘ஆப்.ஜேஎஸ்’ என்ற நிரல் கோப்பும் இறங்குகிறது. கூடவே சர்வரிடமிருந்து ஒரு கட்டளை: “இதை 31536000 விநாடிகள் வைத்துக்கொள்.”

அதாவது 365 நாள். இந்த அளவும் சும்மா வந்ததல்ல. காலாவதித் தேதியை ஓராண்டுக்கு மேல் தள்ளக் கூடாது என்று 1999-இல் வெளியான எச்டிடிபி 1.1 விதிநூல் வரம்பு கட்டியிருந்தது. அந்த வரம்பின் விளிம்புவரை போனார்கள் பொறியாளர்கள்.

மறுநாள் காலை சென்னையில் ஒருவர் அந்தக் கோப்பில் கட்டணக் கணக்குப் பிழையைக் கண்டுபிடிக்கிறார். திருத்துகிறார். சர்வரில் ஏற்றுகிறார். வேலை முடிந்தது என்று நினைக்கிறார்.

முடியவில்லை. மயிலத்துக் கைபேசி பழைய கோப்பையே ஓட்டுகிறது. “புதிது வந்திருக்கிறதா?” என்று அது சர்வரைக் கேட்பதுகூட இல்லை. கேட்க வேண்டாம் என்றுதானே ஓராண்டுக்கு உத்தரவு போட்டோம்! மாணவியின் கைபேசிக்குள் புகுந்து அந்தக் கோப்பை அழிக்க யாராலும் முடியாது.

அப்படியானால் திருத்தம் அவரிடம் எந்த வழியில் போய்ச் சேரும்?

கேள்விக்குறியை நம்பியவர்கள்

பழைய பெயரில் அனுப்பினால் பிரவுசர் கேட்காது. பெயரை மாற்றினால்? அதற்குப் புதிய கோப்பு, இறக்கியே தீரும். எல்லா வழியும் இந்த ஒரு வாசல் வழியாகத்தான் போனது.

தளம் கட்டும் கருவியான அன்றைய ரூபி ஆன் ரெயில்ஸ் எளிய வழி ஒன்றைப் பிடித்தது. கோப்பின் பெயருக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறி, அதன்பின் கோப்பு கடைசியாகத் திருத்தப்பட்ட நேரம். நேரம் மாறினால் முகவரி மாறும். பிரவுசர் புதிதாக இறக்கும். அழகான வழிதான்.

இரண்டு இடங்களில் அது உடைந்தது. ஒரே தளத்தை இரண்டு சர்வர்கள் சுமக்கும்போது, ஒன்றில் கோப்பு ஏறிய நேரமும் மற்றதில் ஏறிய நேரமும் வேறாக இருக்கலாம். ஒரே கோப்புக்கு இரண்டு முகவரிகள்! ஓர் எழுத்தும் மாறாமல் எல்லாவற்றையும் மறுபடி ஏற்றினாலும் நேரம் மாறிவிடும். பயனர்கள் எல்லோரும் காரணமின்றி மீண்டும் இறக்குவார்கள்.

இரண்டாவது அடியைக் கொடுத்தவர் சௌடர்ஸேதான். 2008 ஆகஸ்டில் அவர் எச்சரித்தார்: கேள்விக்குறி உள்ள முகவரிகளை வழியில் இருக்கும் சில இடைநிலைச் சர்வர்கள் சேமித்து வைப்பதே இல்லை. அப்போது பரவலாக இருந்த ஸ்க்விட் அப்படித்தான் அமைக்கப்பட்டு வந்தது. வேகத்துக்காகச் செய்த ஏற்பாடே வேகத்தைத் தின்றது. மாற்றத்தைக் கேள்விக்குறிக்குப் பின்னால் வைக்காதீர்கள், கோப்பின் பெயருக்குள்ளேயே வையுங்கள் என்றார் அவர்.

சரி, பெயருக்குள் எதை வைப்பது? நேரத்தை நம்ப முடியாது. கையால் 1, 2, 3 என்று எண் போட்டால் என்றாவது ஒருநாள் யாராவது மறப்பார்கள். மறக்கவே முடியாத, பொய் சொல்லவே தெரியாத ஓர் அடையாளம் வேண்டும்.

அது பல ஆண்டுகளுக்கு முன்பே பிறந்திருந்தது.

ரிவெஸ்டின் கொடை

1991. அமெரிக்காவின் எம்ஐடி கல்வி நிறுவனத்தில் ரொனால்ட் ரிவெஸ்ட் எம்டி5 என்ற ஹேஷ் முறையை உருவாக்கினார். அதற்கு முந்தைய ஆண்டு அவரே படைத்த எம்டி4-க்கு அடுத்தது அது. (எம்டி4 என்ற பெயரை நினைவில் வையுங்கள். இந்த அத்தியாயம் முடிவதற்குள் அது திரும்ப வரும்.)

எம்டி5 என்ன செய்யும்? எவ்வளவு பெரிய கோப்பைக் கொடுத்தாலும் 32 குறிகள் கொண்ட ஒரு தொடரை (அதுவே ஹேஷ்) தரும். அதே கோப்பை எந்த ஊரில், எந்தக் கணினியில், எந்த ஆண்டில் கொடுத்தாலும் அதே தொடர். ஒரே ஒரு காற்புள்ளியை மாற்றுங்கள்; தொடர் அடியோடு மாறிவிடும். நேரத்தை அது பார்ப்பதில்லை. சர்வரைப் பார்ப்பதில்லை. உள்ளடக்கத்தை மட்டுமே பார்க்கிறது.

2011 ஆகஸ்ட் 31. ரெயில்ஸ் 3.1 வெளியானது. கேள்விக்குறி ஒழிந்தது. ‘ஆப்.ஜேஎஸ்’ சர்வருக்குப் போகும்போது பெயரின் நடுவே அந்த 32 குறிகளைச் சுமந்துகொண்டு போனது. உள்ளடக்கம் மாறினால்தான் பெயர் மாறும். மாறாவிட்டால், நூறு முறை ஏற்றினாலும் பெயர் அதுவேதான்.

மயிலத்து மாணவிக்கு இதனால் இரட்டை லாபம். திருத்திய கோப்பு அன்றே வந்து சேரும். தொடாத கோப்புகள் கைபேசியிலேயே இருக்கும்; அவருடைய டேட்டா வீணாகாது. ஓராண்டுச் சிறையின் கதவு திறந்தது.

ஆனால் அந்தக் கதவு வழியாக வேறொரு பிரச்சினை உள்ளே வந்தது. நிரல் எழுதுபவர் தன் பக்கத்தில் ‘ஆப்.ஜேஎஸ்’ என்றுதான் எழுதியிருக்கிறார். சர்வரிலோ அந்தக் கோப்புக்கு வேறு பெயர்!

பட்டியல் பிறந்தது

இதே சிக்கலை நம் மண்ணின் கல்வெட்டு அறிஞர்கள் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே சந்தித்தார்கள். அரசின் கல்வெட்டுத் துறை படியெடுத்த ஒவ்வொரு கல்வெட்டுக்கும் ‘இந்த ஆண்டின் இத்தனையாவது எண்’ என்று பெயர் கொடுத்தது. துறைக்கு அது போதும். மண்டகப்பட்டுக் குகையில் மகேந்திரவர்மன் என்ன பொறித்தான் என்று தேடி வருகிறவருக்கு அந்த எண் எப்படித் தெரியும்? வி. ரங்காச்சார்யா 1919-இல் மூன்று தொகுதிகளாக ஒரு பட்டியலை வெளியிட்டார். சென்னை மாகாணக் கல்வெட்டுகளை மாவட்டம், வட்டம், ஊர் என்று அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் நேரே துறையின் எண்ணைத் தந்தார். மக்கள் சொல்லும் பெயரிலிருந்து பதிவேட்டின் பெயருக்கு ஒரு பாலம் கிடைத்தது.

ரெயில்ஸ் 3.1 செய்ததும் அதுதான். கோப்புகளுக்கு ஹேஷ் பெயர் சூட்டி முடித்ததும், ‘மேனிஃபெஸ்ட்’ என்ற சிறிய கோப்பு ஒன்றை எழுதி வைத்தது. இடப்பக்கம் நாம் வைத்த பெயர். வலப்பக்கம் ஹேஷ் சுமந்த பெயர். பக்கத்தைத் தயாரிக்கும்போது சர்வர் இந்தப் பட்டியலைப் பார்த்து, உண்மையான பெயரைப் பக்கத்தில் எழுதிவிடும். கல்வெட்டு எண்ணை அலுவலர் வரிசைப்படி கொடுத்தார். ஹேஷைக் கோப்பின் உள்ளடக்கமே கொடுக்கிறது. வேறுபாடு அவ்வளவே.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த ஏற்பாட்டில் ஹேஷ் பெயர் பெற்ற கோப்புகள் எல்லாம் ஓராண்டு தங்கலாம். பட்டியலும் அதைப் படித்து உருவாகும் பக்கமும் தங்கக் கூடாது. பக்கத்தை ஒவ்வொரு முறையும் சர்வரிடம் கேட்டாக வேண்டும். அங்கே தவறினால், மறுபடி அதே சிறை.

ஏற்றும் வரிசையும் உயிர்நாடி. புதிய கோப்புகள் முதலில் ஏற வேண்டும்; பக்கம் கடைசியில் மாற வேண்டும். தலைகீழாகச் செய்தால், இன்னும் வந்து சேராத கோப்பைப் பக்கம் கேட்கும். பழைய கோப்புகளை உடனே துடைப்பதும் ஆபத்து. மாணவி காலையில் திறந்த பக்கம் மாலைவரை அப்படியே இருக்கிறது. அவர் அடுத்த பொத்தானைத் தொடும்போது அது காலையில் அறிந்த பெயரைத்தான் கேட்கும். அந்தப் பெயரில் கோப்பு இல்லையென்றால் பக்கம் அங்கேயே நின்றுவிடும். இப்படி நின்றுபோகும் பக்கங்கள் இன்றும் ஏராளம். பயனர் தன் கைபேசியையே குறை சொல்வார். பிழை பட்டியலைக் கையாண்டவரிடம் இருக்கும்.

சங்கிலி அதிர்ந்தது

2012. ஜெர்மனியின் டோபியாஸ் கோப்பர்ஸ் வெப்பேக் என்ற கருவியைத் தொடங்கினார். பெரிய நிரலைத் துண்டுகளாக வெட்டி, தேவைப்படும்போது மட்டும் ஒவ்வொரு துண்டாக இறக்கலாம் என்றது அது. அப்போது பட்டியலைச் சர்வர் மட்டும் வைத்திருந்தால் போதாது. எந்தத் துண்டுக்கு எந்த ஹேஷ் பெயர் என்று பிரவுசருக்கும் தெரிய வேண்டும். ஆகவே ஒரு பட்டியல் நிரலுக்குள்ளேயே குடியேறியது.

விளைவைப் பாருங்கள். முதல் கோப்புக்குள் இரண்டாவது கோப்பின் பெயர் இருக்கிறது. இரண்டாவதில் ஓர் எழுத்து மாறினால் அதன் பெயர் மாறும். பெயர் மாறினால் அதைச் சொல்லும் முதல் கோப்பின் உள்ளடக்கமும் மாறும். அதன் பெயரும் மாறும். ஒரு மூலையில் தொட்டால் வேர்வரை அதிரும். பட்டியல் பகுதியை மட்டும் தனிச் சிறு கோப்பாகப் பிரித்து வைத்து இந்த அதிர்வை அடக்கினார்கள்.

இன்னும் கடினமான முடிச்சு ஒன்று இருந்தது. ‘அ’ கோப்பு ‘ஆ’-வை அழைக்கிறது. ‘ஆ’-வும் ‘அ’-வை அழைக்கிறது. யாருக்கு முதலில் பெயர் வைப்பது? ‘ஆ’-வின் பெயர் தெரியாமல் ‘அ’-வுக்கு ஹேஷ் எடுக்க முடியாது. ‘அ’-வின் பெயர் தெரியாமல் ‘ஆ’-வுக்கும் முடியாது. ரோலப் என்ற கருவி 2022 அக்டோபரில் வந்த மூன்றாம் பதிப்பில் இதை அழகாக அவிழ்த்தது. பெயர் வர வேண்டிய இடங்களில் முதலில் தற்காலிகக் குறிகளை வை. அந்த நிலையில் ஒவ்வொன்றுக்கும் ஹேஷ் எடு. யார் யாரைச் சார்ந்திருக்கிறார்கள் என்று கடைசிவரை தொடர்ந்து போய் எல்லா ஹேஷையும் சேர்த்து இறுதிப் பெயரைக் கணக்கிடு. அதன்பின் குறிகளை நீக்கிப் பெயர்களை எழுது. எதிரெதிரே நின்ற இரண்டு கோப்புகளும் ஒரே நேரத்தில் பெயர் பெற்றன.

இந்தக் கருவிகள் எல்லாம் மூலநிரலோடு திறந்து கிடக்கின்றன. மயிலம் இருக்கும் விழுப்புரம் மாவட்டத்தில் குனு/லினக்ஸ் பயனர் குழுவினர் கட்டற்ற மென்பொருளை மாணவர்களிடம் கொண்டு செல்கிறார்கள். மயிலத்தில் படிக்கும் எவரும் வீட் என்ற கருவியில் ஒரு சிறு தளம் கட்டி, மேனிஃபெஸ்ட் அமைப்பை இயக்கி, பிறக்கும் பட்டியலைத் தன் கண்ணாலேயே படிக்கலாம். படிக்க வேண்டும். எந்தப் பெயர் எந்தப் பெயரானது என்று அறிந்தவர் கையில்தான் தளம் பத்திரமாக இருக்கும்.

ரோலப் தன் முடிச்சை அவிழ்ப்பதற்கு ஓராண்டு முன்புதான் வெப்பேக்கின் அடித்தளத்தில் விரிசல் விழுந்தது. கோப்புகளுக்குப் பெயர் வைக்க அது இயல்பாகப் பயன்படுத்திய ஹேஷ் எது தெரியுமா? நினைவில் வைக்கச் சொன்னேனே, ரிவெஸ்டின் 1990-ஆம் ஆண்டு எம்டி4! பாதுகாப்புக்கு அது உதவாது என்று எப்போதோ தீர்ப்பாகிவிட்டது. பெயர் வைக்க மட்டும்தானே என்று விட்டுவைத்தார்கள்.

2021 செப்டம்பர் 7. கணினி உலகின் பூட்டுச்சாவிகளைக் காக்கும் ஓபன்எஸ்எஸ்எல் தன் மூன்றாம் பதிப்பில் எம்டி4-ஐ ஓரங்கட்டியது. அக்டோபர் 19. அந்தப் பதிப்பைச் சுமந்துகொண்டு, வெப்பேக் ஓடும் மேடையான நோட் 17 வெளியானது. அதை நிறுவியவர்கள், நேற்றுவரை ஓடிய பில்டை (கோப்புகளைத் தொகுக்கும் வேலையை) வழக்கம்போல் இயக்கினார்கள். ஒரு கோப்புக்கும் பெயர் கிடைக்கவில்லை. ஒரு பட்டியலும் எழுதப்படவில்லை. யாரும் தொடாத நிரல் சிவப்பு எழுத்தில் பிழை சொல்லி நின்றது.

தப்பிக்க உடனடியாக ஒற்றை வரிக் குறுக்குவழி ஒன்று பரவியது. அந்த ஒற்றை வரியைச் சேர்த்தால் பில்ட் ஓடியது. ஆனால் ஓபன்எஸ்எஸ்எல் காரணத்தோடு மூடிய கதவை அது மறுபடி திறந்துவிட்டது. அதைச் சேர்ப்பதா, வேண்டாமா?

(தொடரும்)