ஜெரேனியம் என்றால் தொலைகாட்டி

வெள்ளவத்தை இராமகிருஷ்ண வீதிக்குள் ஒருமுறையாவது போகாத தமிழ்ப் பிள்ளை கொழும்பில் குறைவு. மிஷன் மண்டபத்தில் நாங்கள் பேச்சுப்போட்டிக்கு நின்று நடுங்கியிருக்கிறோம், சொந்தக்காரப் பிள்ளையின் அரங்கேற்றத்தில் பாதியில் எழும்பிப்போய் வடை சாப்பிட்டிருக்கிறோம். இன்று உலகம் முழுக்கக் குறைந்த காசில் நட்சத்திரம் பார்க்க நினைக்கிற குடும்பங்கள் வாங்கும் தொலைகாட்டிக்கும் அந்த மண்டபத்துக்கும் ஒரு உறவு இருக்கிறது என்று அப்போது யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

அந்த உறவுக்கு வருவதற்கு முதல் எங்கட சொந்தத் தோல்வி. எங்களில் இருவர் பாடசாலைக் காலத்தில் காசு சேர்த்து ஒரு தொலைகாட்டி வாங்கினோம். பெட்டியில் சனிக்கிரகம் வளையத்தோடு தகதகவென்று இருந்தது, பக்கத்தில் பெரிய எழுத்தில் '675 மடங்கு'. கொட்டாஞ்சேனைத் தொடர்மாடியின் மொட்டை மாடியில் பூட்டினால் மூன்று கால்களும் முருங்கைக் கொப்பு மாதிரி ஆடின. நிலாவைப் பிடிக்கவே அரை மணித்தியாலம். பிடித்த நிலாவும் கலங்கிய தேத்தண்ணிபோலத் தெரிந்தது. இரண்டு கிழமையில் அது கட்டிலுக்குக் கீழே போய்விட்டது.

அந்த 675 எங்கிருந்து வந்தது என்பது உயர்தரத்தில் பௌதிகம் படிக்கும்போதுதான் பிடிபட்டது. பொருள்வில்லையின் குவியத்தூரம் 900 மில்லிமீற்றர். பார்வைத்துண்டினது 4 மில்லிமீற்றர். வகுத்தால் 225. மூன்று மடங்கு பெருக்கும் இன்னொரு வில்லையை இடையில் செருகினால் 675. கணக்கு சரிதான், ஆனால் அந்த வில்லையின் விட்டம் வெறும் 60 மில்லிமீற்றர். விட்டத்தின் ஒவ்வொரு மில்லிமீற்றருக்கும் இரண்டு மடங்கு என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் எல்லை. ஆகவே அந்தக் குழாய்க்கு 120. அதற்கு மேலே போனால் உருவம் பெருக்கும், விபரம் பெருக்காது. கலிலியோ 1610 ஜனவரியில் வியாழனின் நான்கு சந்திரன்களைக் கண்டது ஏறக்குறைய 20 மடங்கு பெருக்கிய குழாயால்தான். தொலைகாட்டி வாங்கப் போகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி எத்தனை மடங்கு என்பதில்லை. வாய் எவ்வளவு அகலம் என்பதுதான்.

அகலமான வில்லைக்குக் காசு அதிகம். கண்ணாடி முழுக்கக் குறையில்லாமல் இருக்க வேண்டும், இரண்டு பக்கமும் தீட்ட வேண்டும், அதற்குப் பிறகும் விளிம்பில் நிறம் கசியும். நியூட்டன் 1668 இல் வில்லையை விட்டுக் குழிவாடிக்குப் போனதற்குக் காரணம் இந்த நிறக் கசிவுதான். ஆடிக்கு ஒரு பக்கம் மட்டும் சரியாக இருந்தால் போதும். அப்படியிருந்தும் இன்னொரு முந்நூறு வருசத்துக்குப் பெரிய ஆடி வசதியுள்ளவர்களின் விளையாட்டாகவே இருந்தது. அதைத் தாங்குவதற்கு இரும்பில் வார்த்த கனமான நிலையும் பற்சக்கரங்களும் வேண்டும் என்று எல்லாரும் நம்பியிருந்தார்கள்.

இப்போது இராமகிருஷ்ண வீதிக்குத் திரும்பி வருவோம். வெள்ளவத்தை மிஷன் எந்தத் துறவியர் சங்கத்தைச் சேர்ந்ததோ, அதே சங்கத்தின் கிளை ஒன்று அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோவில் இருக்கிறது, வேதாந்த சங்கம் என்ற பெயரில். 1944 இல் அங்கே ஒரு இளைஞர் துறவியாகச் சேர்ந்தார். பெயர் ஜோன் டொப்சன். 1915 இல் பீஜிங்கில் பிறந்தவர், இரசாயனவியல் படித்தவர், முதலில் நாத்திகர். விஞ்ஞானம் சொல்லும் பிரபஞ்சத்தையும் வேதாந்தம் சொல்லும் பிரபஞ்சத்தையும் பொருத்திப் பார்ப்பது மடத்தில் அவருக்குத் தரப்பட்ட வேலைகளில் ஒன்று. (எங்கட மட்டக்களப்புக்காரர் சுவாமி விபுலாநந்தரும் விஞ்ஞானம் படித்து, விஞ்ஞானம் கற்பித்து, பிறகு இதே சங்கத்துக்குப் போனவர்தான். யாழின் சுருதிகளுக்குக் கணக்குப் போட்ட 'யாழ் நூல்' 1947 இல் வெளிவந்தது.)

டொப்சன் தனக்கு வந்த வேலையைக் கொஞ்சம் அளவுக்கு மீறியே செய்தார் என்று சொல்லலாம். பிரபஞ்சத்தைப் பற்றி எழுத முதல் அதைப் பார்க்க வேண்டும் என்று நினைத்தார். கையில் காசில்லை, துறவிக்கு ஏது காசு? 1956 இல் பழைய கப்பல் யன்னல் கண்ணாடி ஒன்றை எடுத்து, 12 அங்குல ஆடியாகக் கையாலேயே தேய்த்தார். தேய்த்த ஆடியை நிலாவுக்குத் திருப்பியதும், இதை எல்லாரும் பார்த்தாக வேண்டும் என்ற எண்ணம் அவரைப் பிடித்துக்கொண்டது. கடைசிவரை விடவில்லை.

1958 இல் அவரைச் சக்ரமெண்டோ மடத்துக்கு மாற்றினார்கள். அங்கே தொலைகாட்டிகளுக்குச் சில்லுப் பூட்டி, இரவில் தெருவுக்குத் தள்ளிக்கொண்டு போய் அயலட்டைச் சனத்துக்குக் காட்டினார். மடத்துக்கு இது பிடிக்கவில்லை. வெளியில் இருந்த நண்பருக்குக் கடிதம் எழுதும்போது சங்கேத மொழி வைத்துக்கொண்டார்: தொலைகாட்டி என்றால் 'ஜெரேனியம்', பூச்செடி. குழாயிலும் பெட்டியிலும் பொருத்தியது 'சாடியில் வைத்த ஜெரேனியம்'. ஆடிக்கு அலுமினியப் பூச்சு ஏறிவிட்டால் 'ஜெரேனியம் பூத்துவிட்டது'. வாசிக்கச் சிரிப்பு வரும். ஆனால் 1967 இல், 23 வருசத்துக்குப் பிறகு, அவரை மடத்தைவிட்டு வெளியேற்றினார்கள். மடத்துக்கென்று ஒரு ஒழுங்கு இருக்கும்தான், துறவி ஒருவர் இரவிரவாகத் தெருவில் நின்றால் கேள்வி வரும்தான். எங்களுக்கென்னவோ மனம் டொப்சன் பக்கம்தான் சாய்கிறது. அடுத்த வருசமே அவரும் இரண்டு இளைஞர்களும் சேர்ந்து 'நடைபாதை வானியலாளர்கள்' என்ற குழுவைச் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கினார்கள். நடைபாதையில் தொலைகாட்டியை வைத்து, போறவாற ஆட்களைக் கூப்பிட்டுக் காட்டுவதுதான் வேலை.

அந்தத் தொலைகாட்டியின் நிலை வெறும் பலகைப் பெட்டி. கொங்கிறீற் தூண் வார்க்கிற மட்டைக் குழாய் உடம்பு. அது மேலும் கீழும் சாயும், பெட்டி இடமும் வலமும் சுழலும், அவ்வளவுதான். உரசுகிற இடத்தில் டெஃப்லோன் துண்டுகளும் குசினி அலுமாரிக்கு ஒட்டுகிற போர்மைக்காவும். விரலால் தள்ளினால் நகரும், விட்டால் நிற்கும். மூன்று கால் இல்லாதபடியால் ஆட்டமும் இல்லை. இதற்கு அவர் காப்புரிமை எடுக்கவில்லை. யாரும் செய்யலாம், யாரும் விற்கலாம். இன்று கடைகளில் 'டொப்சோனியன்' என்று விற்பது இதைத்தான். அவர் 2014 ஜனவரி 15 இல் காலமானார். 1897 இல் விவேகானந்தர் கொழும்பில் வந்திறங்கியதும் ஒரு ஜனவரி 15 தான். தற்செயல், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சான் பிரான்சிஸ்கோவுக்குச் செய்த பெட்டி கொழும்புக்கு இன்னும் நல்லாப் பொருந்தும் என்பது எங்கட வாதம். சாய்த்துப் பூட்டும் பாரம்வைத்த நிலைகளின் அச்சைத் துருவ நட்சத்திரத்துக்கு நேராகத் திருப்ப வேண்டும். கொழும்பு ஏறக்குறைய வட அகலக்கோடு 7 பாகையில் இருக்கிறது, ஆகவே துருவ நட்சத்திரமும் அடிவானத்திலிருந்து 7 பாகைதான் உயரும். கையை நீட்டி முட்டியைப் பொத்தினால் அதன் அகலமே 10 பாகை வரும். வெள்ளவத்தையில் நின்று வடக்கே பார்த்தால் அந்த உயரத்தில் பம்பலப்பிட்டித் தொடர்மாடிகள்தான் தெரியும். போதாததற்கு, அச்சை அவ்வளவு பதித்தால் பாரக்கட்டை காலில் முட்டும். இந்த நிலை ஐரோப்பிய வானத்துக்குச் செய்தது.

எங்கட வானத்தின் அருமை வேறு. கிரகங்கள் உச்சிக்குக் கிட்டவாகப் போகும், அதனால் இடையில் குறுக்கிடும் காற்று குறைவு. 1867 இல் கொழும்பில் பிறந்த பேர்சி மோல்ஸ்வேர்த் என்ற பிரித்தானிய இராணுவப் பொறியியலாளர் திருகோணமலையில் பன்னிரண்டரை அங்குல ஆடி ஒன்றை வைத்துக்கொண்டு, 1901 இல் வியாழனின் தென்பகுதியில் ஒரு பெரிய குழப்பம் தோன்றுவதை முதலில் கண்டார். அது ஏறக்குறைய நாற்பது வருசம் நீடித்தது. செவ்வாயில் ஒரு பள்ளத்துக்கு அவருடைய பெயர் இருக்கிறது. தெற்குப் பக்கம் இன்னும் நல்லது. டொப்சன் தன்னுடைய ஊர் நடைபாதையில் நின்று ஒருநாளும் காட்டியிருக்க முடியாத தெற்குச் சிலுவையை, மே மாத இரவில் மொட்டை மாடியிலிருந்து எங்கட பிள்ளையள் வெறுங்கண்ணாலேயே பார்க்கலாம்.

அப்ப எதைத்தான் வாங்குவது? கையில் காசு நல்லாக் குறைவென்றால் 7x50 அல்லது 10x50 இருகண் தொலைகாட்டி. அதன் விலை வீணாகாது, நாளைக்கு யால காட்டுக்கும் கொண்டுபோகலாம். கொஞ்சம் சேர்க்க முடிந்தால் 114 அல்லது 130 மில்லிமீற்றர் ஆடியுள்ள மேசை டொப்சோனியன். 130 என்பது எங்கட பழைய 60 ஐவிட நாலரை மடங்குக்கு மேல் ஒளி அள்ளும். 2022 இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறிய பிறகு இது லேசான செலவில்லை என்று தெரியும். மூன்று நாலு குடும்பம் சேர்ந்து வாங்கலாம், ஒரே தொடர்மாடியென்றால் இன்னும் சுகம். துணிவிருந்தால் ஆடியை மட்டும் வாங்கிப் பெட்டியை மரவேலைக்காரரிடம் சொல்லிச் செய்யலாம். 1956 இல் தொடங்கிய கதையே அதுதானே. கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் உப்புக் காற்றுக்குப் பயப்படுங்கோ: ஆடியை மூடி, ஈரம் உறிஞ்சும் பொட்டலம் ஒன்றோடு வையுங்கோ, துணியால் துடைக்காதேங்கோ. மலிவுத் தொலைகாட்டிப் பெட்டிக்குள் பார்வைத்துண்டில் திருகுகிற சூரிய வடிகட்டி கிடந்தால் உடனே குப்பையில் போடுங்கோ. சூட்டில் அது வெடித்தால் போவது பிள்ளையின் கண்.

கட்டிலுக்குக் கீழே போன எங்கட 60 மில்லிமீற்றர் குழாயும் சாகவில்லை. மூன்று காலைக் கழற்றி எறிந்துவிட்டு, பழைய அலுமாரிப் பலகையில் ஒரு பெட்டி அடித்து அதில் வைத்தோம். 45 மடங்கில் வியாழனும் அதன் நான்கு புள்ளிகளும் அசையாமல் நின்றன. இப்போது அது வெள்ளவத்தையில், மெரின் டிரைவ் பக்கத்து மொட்டை மாடி ஒன்றில் இருக்கிறது. போயா இரவில் பக்கத்து வீட்டுப் பிள்ளையள் வரிசையில் நிற்பார்கள், பிறகு அம்மாமார், கடைசியில் காவலுக்கு நிற்கும் ஐயா. காலிப் பக்கம் போகிற ரயில் கடக்கும்போது நிலா முழுக்க நடுங்கும். அந்த அரை நிமிசம் கண்ணை எடுக்காமல் அப்படியே நில்லுங்கோ என்று சொல்லி வைத்திருக்கிறோம், ஏனென்றால் எடுத்தால் பின்னால் நிற்பவர் இடத்தைப் பிடித்துவிடுவார்.